13,900 கிலோமீட்டருக்கு எத்தனை நாள் லீவ்?



உலகத்துலயே ரொம்ப நீளமான நேரடி விமானப் பயணம் சிங்கப்பூர்–நியூயார்க். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தா 18 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல. சென்னைக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவுல உள்ள தூரம் அதைவிடக் குறைவு, சுமார் 13,900 கிலோமீட்டர்தான். ஆனா மீனம்பாக்கத்துல ஏறி அங்க போய் இறங்குறதுக்கு 22 மணி நேரத்துக்குக் குறைஞ்சு ஆகுறது அபூர்வம். 30 மணி நேரம், 36 மணி நேரம் ஆகி இறங்குறவங்களும் நிறைய பேர்.

தூரம் கம்மி, நேரம் ஜாஸ்தி. இந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்க காசு கட்டுறீங்க. ஆனா டிக்கெட் புக் பண்ணும்போது நம்ம கண்ணு விலையை மட்டும்தான் பார்க்குது. கொஞ்சம் விவரமானவங்க மணி நேரத்தையும் பார்ப்பாங்க. என்னைக் கேட்டா ரெண்டுமே போதாது. மாசச் சம்பளத்துல இருக்கிற நாம இவ்ளோ நீளமான பயணத்தை லீவ் நாள் கணக்குல எண்ணணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல தூரத்தை முடிச்சிடுவோம். வீட்ல குழந்தைங்க பூமி உருண்டை இருந்தா ஒரு நூல் எடுத்துக்கோங்க. ஒரு முனையைச் சென்னைல வைங்க, இன்னொரு முனையை சான் ஃபிரான்சிஸ்கோவுல வெச்சு இறுக்கிப் பிடிங்க. நூல் பசிபிக் கடல் நடுவுல போகும்னு நினைப்பீங்க. போகாது. வங்கக் கடலோரமா வடக்க ஏறி, எவரெஸ்ட் இருக்கிற பக்கமா இமயமலையைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியான்னு போய், ஆர்க்டிக் வட்டத்துக்குள்ள ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு, அலாஸ்கா வழியா கீழ இறங்கும். அதுதான் அந்த 13,900.

அந்த வழில யாரும் நம்மளைக் கூட்டிட்டுப் போறதில்ல. திபெத் பீடபூமி மேல பறக்கும்போது கேபின்ல காத்தழுத்தம் போயிடுச்சுன்னா விமானம் சட்டுனு 10,000 அடிக்கு இறங்கணும். அங்க தரையே அதைவிட உயரம். அதனால பெரும்பாலான விமானங்கள் அந்தப் பக்கம் போறதைத் தவிர்க்கும். 2022-லேர்ந்து அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் மூடியாச்சு. எல்லாத்துக்கும் மேல, சென்னைலேர்ந்து அங்க நேரடி ஃப்ளைட்டே இல்ல. எங்கயாவது இறங்கி ஏறித்தான் ஆகணும்.

எங்க இறங்குறதுங்கிறதுல ஒரு வேடிக்கை இருக்கு. சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே இருக்கு. அது வழியா போனா மொத்தம் சுமார் 16,500 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் மேற்கே இருக்கு. அது வழியா போனா சுமார் 16,700. எதிரெதிர் திசையில கிளம்புற ரெண்டு ஃப்ளைட்டுக்கும் 200 கிலோமீட்டர்தான் வித்தியாசம்! துபாய் வழின்னா சுமார் 16,000. இந்த நாலுல ஹாங்காங் வழிதான் குறைவு, சுமார் 14,800.

இப்ப கணக்குக்கு வாங்க. ரொம்ப நீளமான வழிக்கும் ரொம்பக் குறைவான வழிக்கும் 1,900 கிலோமீட்டர் வித்தியாசம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகுதுன்னா, அது ரெண்டு மணி நேரச் சமாச்சாரம். ஆனா 22 மணி நேர டிக்கெட்டுக்கும் 36 மணி நேர டிக்கெட்டுக்கும் 14 மணி நேர வித்தியாசம். மிச்ச 12 மணி நேரம் எங்க போச்சு? ஏர்போர்ட் நாற்காலியில போச்சு. மலிவு டிக்கெட்டுங்கிறது பெரும்பாலும் யாரும் உட்கார விரும்பாத அந்த நாற்காலியை உங்களுக்குத் தள்ளுபடியில விக்கிறதுதான்.

தள்ளுபடி தப்புன்னு நான் சொல்ல வரல. வாங்கலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றதுங்கிறதுதான் விஷயம்.

மணிக்கு இவ்ளோன்னு கணக்கு போடாதீங்க

நிறைய ஃபைனான்ஸ் வீடியோவுல ஒரு ஃபார்முலா சொல்லுவாங்க. உங்க மாசச் சம்பளத்தை வேலை நேரத்தால வகுங்க, அதுதான் உங்க ஒரு மணி நேரத்தோட விலை, அதோட ஒப்பிட்டு டிக்கெட் வாங்குங்கன்னு. கைக்கு வர்றது 80,000 ரூபாய், மாசம் 200 மணி நேரம் வேலைன்னா மணிக்கு 400 ரூபாய். 14 மணி நேரம் கூட ஆச்சுன்னா 5,600 ரூபாய் நஷ்டம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா அது தொழில் பண்றவங்களுக்குப் பொருந்தும். ஒரு டாக்டரோ வக்கீலோ அந்த 14 மணி நேரம் க்ளினிக்லயோ கோர்ட்லயோ இருந்திருந்தா சம்பாதிச்சிருப்பாங்க. உங்களுக்கு அப்படி இல்ல. சனிக்கிழமை ராத்திரி தோஹா ஏர்போர்ட்ல உட்கார்ந்திருந்தாலும் வேளச்சேரில தூங்கிட்டிருந்தாலும் உங்க சம்பளத்துல ஒரு ரூபாய்கூடக் குறையப் போறதில்ல. அந்த மணி நேரத்துக்கு விலை பூஜ்யம்.

ஆனா அதே காத்திருப்பு ஞாயித்துக்கிழமையைத் தாண்டி திங்கட்கிழமைக்குள்ள கால் வெச்சா கதை வேற. ஒரு லீவ் போச்சு. 80,000-ஐ 22 வேலை நாளால வகுத்தா, ஒரு லீவ் நாளோட விலை சுமார் 3,600 ரூபாய். லீவ் தீர்ந்து போய் லாஸ் ஆஃப் பே ஆச்சுன்னா அந்த அளவு பணம் நிஜமாவே கையை விட்டுப் போகும். தீரலைன்னாலும், வருஷத்துக்கு 18 நாள் வெச்சிருக்கிறவருக்கு ஒரு நாள்ங்கிறது 18-ல ஒண்ணு. அதைப் பிரியமானவங்களோட கழிக்கலாம், இல்ல பேகேஜ் பெல்ட் முன்னாடி கழிக்கலாம்.

அதனாலதான் சொல்றேன், பயண நேரம் சீரா ஏறுற மீட்டர் மாதிரி உங்க பாக்கெட்டைத் தொடாது. படிக்கட்டு மாதிரி. ஒரு படிக்குள்ள எவ்ளோ நகர்ந்தாலும் செலவில்ல. படி தாண்டினா மொத்தமா ஒரு நாள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். விலையெல்லாம் கணக்குக்காக நானே வெச்சது, நீங்க பார்க்கிற அன்னிக்கு வேற இருக்கும். உங்க அக்கா கலிஃபோர்னியால இருக்காங்க. ஜூன் மாசம் பத்து நாள் லீவ் போட்டு, முன்னாடி பின்னாடி வார இறுதியைச் சேர்த்துப் போறீங்க. ஜூன்ல நமக்கும் அவங்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். (குளிர்காலத்துல பதிமூன்றரை. அவங்க மார்ச்லயும் நவம்பர்லயும் கடிகாரத்தை மாத்துவாங்க.)

வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குச் சென்னைல கிளம்புறீங்க. 22½ மணி நேர டிக்கெட்னா அங்க சனிக்கிழமை காலை 8 மணிக்கு இறங்குவீங்க. டிக்கெட்டைப் பார்த்தா என்னமோ பத்து மணி நேரப் பயணம் மாதிரி தெரியும். ஏமாந்துடாதீங்க, கடிகாரம் பின்னாடி போயிருக்கு. சரி, அதே நேரத்துக்குக் கிளம்புற 34 மணி நேர மலிவு டிக்கெட்னா? சனிக்கிழமை ராத்திரி 7.30-க்கு இறங்குவீங்க. அப்பவும் சனிக்கிழமைதான்! அக்கா வீட்ல ஒரு பகல் பொழுது போச்சு, உண்மை. ஆனா லீவ் கணக்குல நஷ்டம் பூஜ்யம்.

இப்ப திரும்பி வாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு அங்க கிளம்புறீங்க. அப்பவே நம்ம ஊர்ல சனிக்கிழமை காலை பத்தரை. 24 மணி நேர டிக்கெட்னா ஞாயிறு காலை 10.30-க்குச் சென்னை. குளிச்சு, சாப்பிட்டு, கண்ணை மூடாம சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சு, ராத்திரி தூங்கி, திங்கட்கிழமை ஆஃபீஸ் போயிடலாம். 36 மணி நேர டிக்கெட்னா ஞாயிறு ராத்திரி 10.30-க்கு இறங்குவீங்க. இமிகிரேஷன், பெட்டி, டாக்ஸி எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போக நடுராத்திரி. உடம்பு அப்பதான் மத்தியானம்னு நினைச்சிட்டிருக்கும். திங்கட்கிழமை காலை 9 மணி மீட்டிங்குக்கு நீங்க போகப் போறதில்ல. போனாலும் உங்களால உபயோகம் இல்ல.

பார்த்தீங்களா? கிட்டத்தட்ட ஒரே அளவு தாமதம். போகும்போது இலவசம், வரும்போது ஒரு லீவ். இந்தியாலேர்ந்து அமெரிக்கா போகும்போது கடிகாரம் உங்களுக்குப் பன்னிரண்டரை மணி நேரத்தைத் திருப்பித் தருது. வரும்போது அதைப் பிடுங்கிக்குது.

அதனால என்னோட பரிந்துரை: காசை மிச்சம் பிடிக்கணும்னா அமெரிக்கா போற பக்கத்துல மிச்சம் பிடிங்க. அமெரிக்காலேர்ந்து இந்தியா வர்ற பக்கத்துக்கு நல்ல கனெக்ஷனா காசு குடுத்து வாங்குங்க. போக வர ஒரே டிக்கெட்டா எடுத்தாலும் பெரும்பாலான ஏர்லைன் தளத்துல போறதுக்கு ஒரு ஃப்ளைட், வர்றதுக்கு வேற ஃப்ளைட்னு தேர்ந்தெடுக்கலாம். முதல்ல காட்டுற மலிவு ஜோடியை அப்படியே அமுக்காதீங்க, அவ்ளோதான். நீங்க அங்க வேலை பார்த்து இங்க லீவுக்கு வர்றவரா இருந்தாலும் இதே விதிதான். ஊருக்கு வர்ற பக்கம்தான் நாளைத் தின்னும். திரும்பிப் போகும்போது ஞாயித்துக்கிழமை விடிகாலை இங்க கிளம்பி ஞாயித்துக்கிழமையே அங்க இறங்கிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம். சிங்கப்பூர், ஹாங்காங் மாதிரி கிழக்கு வழில போனா, பசிபிக் மேல மேற்கிலிருந்து கிழக்கே வீசுற பலமான மேல்காத்து போகும்போது பின்னாடிலேர்ந்து தள்ளும், வரும்போது எதிர்க்கும். அதனால சான் ஃபிரான்சிஸ்கோவுலேர்ந்து சிங்கப்பூர் திரும்புற ஃப்ளைட் போனதைவிட ஒன்றரை, ரெண்டு மணி நேரம் அதிகம் எடுக்கும். போன நேரத்தை வெச்சு வர்ற நேரத்தைக் கணக்குப் போடாதீங்க.

சரி, எவ்ளோ மிச்சமானா ஒரு லீவை விடலாம்? மேல சொன்ன சம்பளத்துக்கு ஒரு லீவுக்கு 3,600. 12 மணி நேரம் ஏர்போர்ட்ல இருந்தா சாப்பாடு, காபின்னு ஒரு 2,000, 3,000 போகும். அதனால வித்தியாசம் 6,000, 7,000 ரூபாய்க்குள்ளன்னா மலிவு டிக்கெட் மலிவே இல்ல. 15,000-க்கு மேலன்னா நானே எடுப்பேன். நடுவுலன்னா உங்க லீவ் பேலன்ஸைப் பாருங்க. நீளமான டிரான்சிட்டுக்குச் சில ஏர்லைன் ஹோட்டல் குடுப்பாங்களேன்னு கேட்கலாம். குடுப்பாங்க. ஆனா அவங்ககிட்டயே வேகமான கனெக்ஷன் இருக்கும்போது நீங்க விலைக்காக நீளமானதை எடுத்திருந்தா பெரும்பாலும் கிடைக்காது. புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ரெண்டு டிக்கெட்டா உடைச்சு வாங்குறது

இதுல மட்டும் நான் கொஞ்சம் கறார். சென்னை–மும்பை தனியா, மும்பை–அமெரிக்கா தனியா எடுத்தா 10,000 மிச்சம்னு சொல்லிட்டு வருவாங்க. அந்த 10,000 உங்களுக்கு ஏர்லைன் குடுத்த தள்ளுபடி இல்ல. அவங்க தலைல இருந்த ரிஸ்க்கை நீங்க வாங்கிக்கிட்டதுக்கான கூலி. ஒரே பி.என்.ஆர்.ல இருந்து முதல் ஃப்ளைட் லேட் ஆனா, அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடுறது அவங்க வேலை. தனித்தனி டிக்கெட்னா, ரெண்டாவது ஏர்லைனைப் பொறுத்தவரைக்கும் நீங்க வராத பயணி. டிக்கெட் கோவிந்தா.

பெட்டி கணக்கும் இருக்கு. அமெரிக்கா போற டிக்கெட்ல பெரும்பாலும் 23 கிலோ பெட்டி ரெண்டு, மொத்தம் 46 கிலோ. உள்நாட்டு எகானமி டிக்கெட்ல பெரும்பாலும் 15 கிலோ. அம்மா கட்டிக் குடுத்த பருப்புப் பொடி, ஊறுகாய், புடவை எல்லாம் சேர்த்து 31 கிலோ அதிகம். கிலோவுக்கு இவ்ளோன்னு சென்னை கவுன்ட்டர்லயே வாங்கிடுவாங்க. உங்க 10,000 மிச்சம் அங்கயே கரைஞ்சிடும்.

ஒரே டிக்கெட்டா இருந்தாலும் ஒண்ணைக் கவனிங்க. சிகாகோ மாதிரி இன்னொரு அமெரிக்க ஊர்ல இறங்கி ஏறினா, முதல்ல இறங்குற ஊர்லயே இமிகிரேஷன் முடிச்சு, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்பப் போடணும். ஒன்றரை மணி நேர கனெக்ஷன் அதுக்குப் பத்தாது. மூணு மணி நேரமாவது வேணும். இங்க காத்திருப்பு நல்லது.

அம்மா அப்பா போறாங்கன்னா

மேல சொன்ன லீவ் கணக்கையெல்லாம் மறந்துடுங்க. ரிட்டயர் ஆனவங்களுக்கு லீவ் பிரச்சினை இல்ல, முழங்கால்தான் பிரச்சினை. சிங்கப்பூர் வழின்னா நாலு மணி நேரம் ஒரு ஃப்ளைட், அப்புறம் பதினஞ்சு மணி நேரம் ஒரே சீட். ஃபிராங்க்ஃபர்ட் வழின்னா பத்து மணி நேரம், இறங்கி நடந்து, அப்புறம் பதினொண்ணு. மேல போட்ட கணக்குல கிலோமீட்டர்ல நீளமான வழி அதுதான். ஆனா சரிபாதியா உடையுது. 65 வயசுக்காரங்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். எந்த வழியா இருந்தாலும் ஒரே ஒரு இடத்துல மட்டும் இறங்கி ஏறுற மாதிரி, மூணுலேர்ந்து அஞ்சு மணி நேர இடைவெளியோட, ஒரே பி.என்.ஆர்.ல எடுங்க. வீல்சேர் உதவியை புக் பண்ணும்போதே கேளுங்க. வழியில இருக்கிற நாட்டுக்கு டிரான்சிட் விசா வேணுமான்னு அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்துலயே பாருங்க, ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதீங்க.

மாத்திரை கைப்பையில இருக்கட்டும், மூணு நாளைக்குக் கூடுதலா. 2023 ஜூன்ல டெல்லிலேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா நேரடி ஃப்ளைட், இன்ஜின் கோளாறுன்னு ரஷ்யாவோட தூரக் கிழக்குல மகதான்ங்கிற ஊர்ல இறங்கிச்சு. 200-க்கும் மேற்பட்ட பயணிகள். வேற விமானம் வந்துதான் அவங்களைக் கூட்டிட்டுப் போச்சு. நேரடி ஃப்ளைட்டா இருந்தாலும் நடுவுல என்ன ஆகும்னு சொல்ல முடியாது. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினதும் டெல்லிலேர்ந்து மேற்கே போற ஃப்ளைட்டெல்லாம் சுத்திப் போக வேண்டியதாச்சு. அதனால போன வருஷம் நண்பர் சொன்ன நேரத்தை நம்பாம, கிளம்புற மாசத்து அட்டவணையைப் பாருங்க.

சி.ஏ.ன்னு கேட்குறதால வரி பத்தியும்

"இந்த டிக்கெட்டை எல்.டி.ஏ.ல காட்டலாமா?" எனக்கு வர்ற கேள்வியில முதல் இடம் இதுக்குத்தான். முடியாது. எல்.டி.ஏ. வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும், அதுவும் மிகக் குறுகிய வழிக்கான கட்டணம் வரைக்கும். புது வரி முறையில இருக்கீங்கன்னா அந்த விலக்கே இல்ல. டெல்லி வரைக்குமாவது காட்டலாமேன்னு சிலர் கேட்பாங்க. ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் விஷயத்துல இது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. டெல்லிலேர்ந்து மதுரைக்குப் போறேன்னு சொல்லி, மதுரைலேர்ந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு சுத்திட்டு டெல்லி திரும்பினதும் அந்த வழக்குல வந்த ஒரு உதாரணம். 2022 நவம்பர்ல தீர்ப்பு: வெளிநாட்டைத் தொட்டுட்டு வர்ற பயணத்துக்கு விலக்கு கிடையாது, பேங்க் டி.டி.எஸ். பிடிச்சிருக்கணும். பில்லை வாங்கி வெச்சுக்கிட்டு ஹெச்.ஆர்.கிட்ட வாதாடாதீங்க.

ஆன்சைட் போறவங்களுக்கு இன்னொண்ணு. அந்த வருஷம் இந்தியாவுல எத்தனை நாள் இருந்தீங்கங்கிறதை வெச்சுத்தான் நீங்க ரெசிடென்ட்டா இல்லையான்னு முடிவாகும். 182 நாள் எல்லைக்குப் பக்கத்துல இருக்கீங்கன்னா கிளம்புற தேதி முக்கியம். கிளம்புற நாளையும் வந்து இறங்குற நாளையும் இந்தியாவுல இருந்த நாளாவே எண்ணிக்கிறது பாதுகாப்பு. ராத்திரி 1.30 ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கே பாஸ்போர்ட்ல முத்திரை விழும். டிக்கெட்ல ஒரு தேதி, முத்திரைல ஒரு தேதி. ரெண்டோட காப்பியையும் வெச்சுக்கோங்க.

அந்த ஃபோன் வந்தா

இது பத்தி எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். ஆன்சைட் ஆஃபர் வந்தா சம்பளம், வாடகை, வரி எல்லாம் எக்செல்ல போட்டுட்டு என்கிட்ட அனுப்புறீங்க. ஊரோட தூரத்துக்கு அதுல ஒரு வரிகூட இருக்கிறதில்ல. அதனால எழுதுறேன்.

அங்க செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணி. இங்க புதன்கிழமை காலை எட்டரை. ஃபோன் வருது, அப்பா இல்ல. அடுத்த ஃப்ளைட்ல இடம் கிடைச்சு, அங்க ராத்திரி 1 மணிக்குக் கிளம்பிட்டீங்கன்னே வெச்சுக்குவோம். எல்லா கனெக்ஷனும் சரியா அமைஞ்சு 24 மணி நேரத்துல வந்தா வியாழக்கிழமை மத்தியானம் 1.30-க்குச் சென்னை. ஊரு கும்பகோணம் பக்கம்னா இன்னும் ஆறேழு மணி நேரம் கார். போய்ச் சேரும்போது இருட்டிடும். அடுத்த நாள் காலைலதான் எடுப்பாங்க. ரெண்டு ராத்திரி ஐஸ் பெட்டி. இது எல்லாம் ஒழுங்கா நடந்தா. நம்ம தெருவுலயே பார்த்திருப்பீங்க, "பையன் வந்துட்டிருக்கான்"னு சொல்லிட்டு வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவங்களை.

இதைப் பணத்தால முழுசா சரி பண்ண முடியாது. ஆனா அந்த ராத்திரி பணத்தால ஒரு மணி நேரம்கூடத் தாமதம் ஆகக்கூடாது. அதுக்குச் சில ஏற்பாடு இருக்கு. கடைசி நிமிஷ டிக்கெட் சாதாரண விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போறதை நான் பார்த்திருக்கேன். வீட்ல எத்தனை பேர் கிளம்பணுமோ அத்தனை பேருக்கும் அந்த விலையில டிக்கெட் எடுக்கிற அளவு கிரெடிட் கார்டு லிமிட் எப்பவும் காலியா இருக்கணும். அதைக் கட்டுற பணம் சேவிங்ஸ் அக்கவுன்ட்லயே இருக்கணும், பங்குச் சந்தையில இல்ல. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டுக்குள்ள இதைச் சேர்க்காதீங்க, தனியா வைங்க. வருஷா வருஷம் ஊருக்கு வர்ற டிக்கெட்டுக்கும் தனியா மாசாமாசம் எடுத்து வைங்க. ஒருத்தருக்கு 1,400 டாலர்னா ரெண்டு பேருக்கு மாசம் 233 டாலர். ஆஃபரை ஒப்பிடும்போது இந்த 233-ஐச் சம்பளத்துலேர்ந்து கழிச்சிட்டு ஒப்பிடுங்க.

பாஸ்போர்ட்ல விசா முத்திரை காலாவதி ஆயிருந்தா என்ன ஆகும்னும் இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஹெச்-1பி-ல அங்க தொடர்ந்து வேலை பார்க்க முத்திரை தேவையில்ல, அதனால நிறைய பேர் கண்டுக்கிறதில்ல. ஊருக்கும் வந்துடலாம். திரும்பிப் போக மட்டும் தூதரகத்துல புதுசா முத்திரை வாங்கணும், அதுக்கு அப்பாயின்ட்மென்ட் என்னிக்குக் கிடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. காரியம் முடிஞ்சும் போக முடியாம இங்கயே மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. சாதாரண லீவுக்கு வரும்போதே புதுப்பிச்சுடுங்க.

கடைசியா, உங்க கம்பெனி லீவ் பாலிசியைத் திறந்து, நெருங்கின சொந்தத்துல இறப்பு நடந்தா எத்தனை நாள் லீவ்னு பாருங்க. பல இடத்துல மூணு நாள், சில இடத்துல அஞ்சு. போக வர வழியிலயே ரெண்டரை நாள் போயிடும். அந்த மூணு நாள் ஃபோன் வந்த நாள்லேர்ந்து தொடங்குதா, ஊர்ல இறங்கின நாள்லேர்ந்தா, பயண நாளைத் தனியா சேர்த்துக் குடுப்பாங்களான்னு ஹெச்.ஆர்.க்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது. அப்பதான் அவங்க பதில் சீக்கிரம் வரும்.